லேப்டாப்புக்கு ஒரு சட்டை

இரவு முழுக்கச் சரக்கு இறக்கிவிட்டு வந்த உடம்பு. குளித்துவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம் என்று கதவைத் திறந்தால் மகள் அழாக்குறையாக நின்றாள்.

"அப்பா, லேப்டாப் செத்துப்போச்சு."

சாகவில்லை. திரையில் வெளிச்சம் இருந்தது. ஆனால் அவள் ஒரு எழுத்தைத் தட்டினால் அது யோசித்து, கொட்டாவி விட்டு, அப்புறம்தான் திரைக்கு வந்தது. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். நான்கூட அப்படி இழுத்ததில்லை.

"நேத்து வரைக்கும் குதிரை மாதிரி ஓடுச்சுப்பா. இன்னைக்கும் திறந்ததும் நல்லாத்தான் இருந்துச்சு. போகப்போக நொண்டுது."

மதியம் அவளுக்குத் தேர்வு. கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலைக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம். அவர்கள் அனுப்பும் அளவுகளை வைத்து ஒரு வீட்டை லேப்டாப்பில் வரைந்து, நேரம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். படிப்பை முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் கால் கடுக்க நிற்கிறவள் அவள். எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டதில் தேர்வு வரைக்கும் கூப்பிட்டது இவர்கள் மட்டும்தான்.

"எல்லாம் மாமாவாலதான்," என்றாள். மாமா என்பது என் மச்சினன். பின்னறையில் எங்களோடுதான் இருக்கிறான். பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான்.

"நான் என்னடி பண்ணேன்?"

"படம் படமா இறக்கி வெச்சிருக்கியே! அது மூச்சு விட இடமே இல்ல."

"அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்குது. எது நடந்தாலும் என் தலையில கட்டிடுங்க."

"அழிச்சிடு மாப்ளே," என்றேன்.

"மச்சான், நீங்களுமா?"

ஒவ்வொன்றாக அழித்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவன்போல அவன் பக்கத்திலேயே நின்றான். அழித்து முடித்தும் லேப்டாப் அசையவில்லை. அணைத்துப் போட்டாள். திறந்து கிடந்த எல்லாவற்றையும் மூடினாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். நொண்டி மாட்டின்மேல் மூட்டையை ஏற்றினாற்போல அது அடியோடு நின்றுவிட்டது.

"சோம்பேறிக் கழுதை," என்று நான் அதைத் திட்டினேன்.

சுவரோரம் தையல் மெஷினில் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். "வாயில்லாத சாமானைத் திட்டி என்ன ஆகப்போகுது? வித்தவங்களைக் கேளுங்க."

லேப்டாப்பை எங்களுக்கு விற்றது பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்து விற்கும் ஓர் அம்மாள். மகள் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

"திடீர்னா? நேத்து அதுக்குப் புதுசா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"கீழ போட்டீங்களா? தண்ணி பட்டுச்சா?"

"ஐயோ, ஒரு தூசி படவிடல நான்!" என்று மனைவி மெஷினிலிருந்தே குரல் கொடுத்தாள். "குழந்தை மாதிரி வெச்சிருக்கோம்னு சொல்லுடி."

"சூடா இருக்கா பாரும்மா."

நான் கையை வைத்தேன், உடனே இழுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல இருந்தது.

"அடியில சின்னச் சின்னதா ஓட்டை இருக்கும். பக்கத்துல காத்து வெளிய போக வழி இருக்கும். காத்து வருதான்னு பாரு."

மகள் தூக்கிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை. அடியிலும் நாலு பக்கமும் காப்பிக் கலரில் நல்ல ரெக்சின் இருந்தது. இழுத்துப் பிடித்து இரட்டைத் தையல். திரை திறக்கவும் எழுத்தைத் தட்டவும் மட்டும் இடம் விட்டிருந்தது.

மூன்று பேரும் மெஷின் பக்கம் திரும்பினோம்.

"என்னம்மா, ஓட்டை இருக்கா?"

"இருக்குக்கா. உள்ள இருக்கு."

"உள்ளயா?"

"எங்கக்கா அதுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்காங்க!" என்று மச்சினன் போனுக்குக் குனிந்து கத்தினான். "நேத்து சாயங்காலம்தான் போட்டாங்க. ரிமோட்டுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, நான் ஒருத்தன்தான் பாக்கி."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "வாயையும் மூக்கையும் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படிம்மா ஓடும்? சூடு ஏறிட்டா அது தானா வேகத்தைக் குறைச்சுக்கும். இல்லன்னா உள்ள கருகிடும். அணைச்சிட்டு மொதல்ல சட்டையைக் கழட்டுங்க. நல்லா ஆறட்டும், அப்புறம் போடுங்க."

எனக்கு நாங்கள் சரக்கு இறக்கும் கண்டெய்னர் லாரியின் இரும்புப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வெயில் நாளில் உள்ளே போனால் கைகால் தானாகவே மெதுவாகிவிடும். வெளியே நிழலில் நிற்கிற மேஸ்திரி சோம்பேறிகளா என்பார். அதே வார்த்தையைத்தான் நான் இதற்குச் சொல்லியிருந்தேன்.

போன் வைத்தாயிற்று. மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காசு கொடுத்துத் தைப்பவர்களுக்குக்கூட அவள் எடுக்காத ரெக்சின் அது. நேற்று வேலைக்குக் கிளம்பும்போது, 'கடையில வாங்கினது தோத்துச்சு போ' என்று நானே சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மகள் கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள்.

"தள்ளு," என்று மனைவி எழுந்து வந்தாள். "நீ வெட்டினா அதையும் சேத்து வெட்டுவே."

பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பினாள். ரெக்சின் விலகியதும் உள்ளேயிருந்த அனல் எங்கள் முகத்தில் அடித்தது.

"அடப்பாவமே, இப்படி வெந்து கிடந்திருக்கே," என்று அதைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ நல்லாத்தாம்மா தைச்சிருந்தே."

"நல்லா தைச்சதுதாண்டி வினை. நாலு தையல் விட்டுப்போயிருந்தா காத்தாவது பூந்திருக்கும்."

மச்சினன்தான் முதலில் சிரித்தான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

லேப்டாப்பை மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்து வைத்து, நோயாளியைச் சுற்றி உட்காருவதுபோல உட்கார்ந்தோம். அதுவும் போதாதென்று மச்சினன் ஓர் அட்டையால் விசிறினான். தொட்டால் சில்லென்று ஆன பிறகு மகள் அதைப் போட்டாள். எழுத்துகள் அவள் விரலுக்கு முன்னால் ஓடின. அவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அப்போதுதான் தோள் வலி தெரிய ஆரம்பித்தது.

தேர்வு தொடங்கியது. மனைவி மெஷினைத் தொடவில்லை. நான் மூலையில் படுத்தேன், தூக்கம் வரவில்லை. கோடு மேல் கோடாக ஒரு வீடு திரையில் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஓரிடத்தில் அவள் கை நின்றபோது மூன்று பேரும் நிமிர்ந்தோம். அவள் நெற்றியைத் தேய்த்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

"அனுப்பிட்டேன்," என்றாள் கடைசியில். "கிடைச்சிடுச்சுன்னு பதிலும் வந்திருச்சு. நேரம்கூட மிச்சம் இருக்கு."

"எல்லாம் சரியா வரைஞ்சியாடி?" என்றாள் மனைவி.

"மாடிப்படி மட்டும் கொஞ்சம் குறுகலாப் போச்சும்மா."

"போனாப் போகுது. ஏறுறவங்க ஒல்லியா இருந்துட்டுப் போகட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தேர்வு முடியும்வரை அந்த அறையில் யாரும் இருமக்கூட இல்லை.