எந்த ரம்பம் குறைவாக அதிர்கிறது

கோடாரி என் கணவர் கையிலிருந்து நழுவிப் பறந்து, துணிக்கொடி கட்டியிருந்த கம்பத்தில் போய்க் குத்தி நின்றது. அந்தக் கம்பத்துக்கு இரண்டடி தள்ளி நான் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தேன். நான் போட்ட கூச்சல்கூட அவருக்கு உடனே உறைக்கவில்லை. வெறுங்கையை மறுபடியும் தலைக்கு மேல் ஓங்கியபோதுதான் கையில் கோடாரி இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது.

"இனிமே நீங்க கோடாரியைத் தொடக் கூடாது" என்றேன்.

"அப்ப அடுப்புல எதைப் போட்டு எரிப்பே? உன் தையல் மிஷினையா?"

குளிர் காய வீட்டில் இருப்பது ஒரே ஒரு இரும்பு அடுப்பு. அதற்கு ஒரு முழ நீளத்தில் விறகு வேண்டும். துண்டு போட்ட விறகு வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டைகளை முழுசாகவே வாங்கிப் பின்வாசலில் போட்டிருந்தோம். இத்தனை நாளும் பக்கத்து வீட்டு டிரைவர் வந்து தன் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். போன மாதம் அவர் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார்.

இருபத்தாறு வருஷம் மரக் கம்பெனியில் மோட்டார் ரம்பம் பிடித்தவர் என் கணவர். உயரத்தைப் பார்த்து எல்லோரும் 'நெட்டை' என்றே கூப்பிடுவார்கள். ரம்பத்தின் அதிர்வு கையில் ஏறி ஏறி, முதலில் குளிர் நாட்களில் மட்டும் விரல் நுனி வெளுத்தது. அப்புறம் வெயிலிலும் வெளுத்தது. பிறகு மரத்தே போய்விட்டது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிய டம்ளரை அவர் சாவகாசமாகப் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பார். தோல் சிவப்பதைப் பார்த்து நான்தான் பிடுங்கி வைக்க வேண்டும். கம்பெனி டாக்டர் காகிதத்தில் 'வயது காரணமாக' என்று எழுதினார். அப்போது இவருக்கு நாற்பத்தெட்டு. அந்த ஒரு வரியை வைத்தே கம்பெனி இவரைக் கைகழுவிவிட்டது. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் கோர்ட்டில் நாங்கள் போட்ட மனு மூன்று வருஷமாகத் தூங்குகிறது.

ஆகவே ஒரு ரம்பம் வாங்குவது என்று முடிவாயிற்று. அறுக்கப் போவது யார் என்பதை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் தையல்காரி. வீடு இப்போது என் பத்து விரல்களின் மேல்தான் நிற்கிறது. அதனால் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: அதிர்வு குறைவாக இருக்க வேண்டும். அவருக்கும் ஒன்றே ஒன்று: விலை எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கருவிக் கடைக்கு அழைத்துப் போனார். வாசலில் வைத்துத்தான் சொன்னார்: "நம்ம பழைய ஸ்டோர்காரர் கடை. பழகின ஆளு."

மரக் கம்பெனியில் கருவி, உடுப்பு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு அந்த ஸ்டோர்காரரிடம்தான் இருந்தது. ஓய்வுபெற்றதும் இந்தக் கடையைத் திறந்துவிட்டார். "அட, நெட்டை! உயிரோடதான் இருக்கியா?" என்று கை நீட்டினார். என் கணவர் கையைச் சட்டைப் பைக்குள் இருந்து எடுக்காமல் சிரித்து வைத்தார்.

ஸ்டோர்காரர் இரண்டு பெட்ரோல் ரம்பங்களை எடுத்து மேஜையில் வைத்தார். "இது மலிவு. கைப்பிடியை நேரா எஞ்சினோட சேர்த்து முடுக்கியிருக்கான். இதுல பாருங்க, நடுவுல ஸ்பிரிங். கைக்கு அதிர்வே வராது. புத்தகத்துல அதிர்வுக்குன்னு ஒரு எண் போட்டிருப்பான். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது."

கடைக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். முதலில் என் கணவர் பிடித்தார். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார்.

"எப்படி?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"என்னப்பா, விளையாடறியா?" ஸ்டோர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ பிடிக்காத ரம்பமா?"

என் கணவர் விளையாடவில்லை. நான் வாங்கிப் பிடித்தேன். முதல் ரம்பம் முழங்கை வரை ஏறி உலுக்கியது; என் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டாவது, கண்மூடிப் படுத்திருக்கும் பூனையின் முதுகில் கை வைத்தாற்போல இருந்தது. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரோரம் அடுக்கியிருந்த காலி டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "இந்த ஸ்பிரிங் வச்சது இப்பத்தான் புதுசா வந்திருக்கா?"

"நல்லா கேட்டீங்க தங்கச்சி! நான் கம்பெனிக்கு ரம்பம் எடுத்த காலத்துலயே வந்தாச்சு. ரெண்டுக்கும் கொட்டேஷன் என் மேஜைக்குத்தான் வந்துச்சு. ஒரு ரம்பத்துக்கு ஒரு ஜோடி செருப்பு விலைதான் வித்தியாசம். ஆனா நாற்பது ரம்பம் எடுக்கணுமே! சாதாவே போதும்னு எழுதினேன். செலவைக் குறைச்சதுக்கு அந்த வருஷம் எனக்குப் பரிசே கொடுத்தாங்க. அதோ, அந்தக் கடிகாரம்."

கல்லாவுக்கு மேலே கம்பெனி முத்திரையோடு ஒரு கடிகாரம் தொங்கியது. அதன் கண்ணாடியைத் தினமும் துடைப்பார் போல.

"எந்த வருஷம் சார் அது?" என்றார் என் கணவர்.

ஸ்டோர்காரர் வருஷத்தைச் சொன்னார். என் கணவரின் உதடு அசைந்தது. அவர் மனதுக்குள் போட்ட கணக்கை நானும் போட்டேன். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவர் ரம்பம் பிடித்திருக்கிறார். அந்த வருஷத்தில் அவர் விரல்கள் எங்கள் மகளுக்குச் சடை பின்னிவிட்டன. என்னைவிட நேர்த்தியாகப் பின்னுவார்.

நான் அவர் கையைப் பைக்குள்ளிருந்து இழுத்து மேஜை மேல் வைத்தேன். கடையில் குளிர். நான்கு விரல்களும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"பாருங்க" என்றேன். "இப்ப வாயால சொன்னதை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க. நல்ல ரம்பம் இருந்துச்சு, தெரிஞ்சேதான் இதைக் கொடுத்தோம்னு. எங்க மனு இன்னும் கோர்ட்டுல கிடக்கு."

ஸ்டோர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "பழசைக் கிளறாதீங்க தங்கச்சி. கையெழுத்துப் போட்டது மேல இருக்கறவங்க. இன்னைக்கும் கம்பெனிக்காரங்கதான் எனக்குப் பெரிய வாடிக்கை. என் பிழைப்பைக் கெடுத்துடாதீங்க." பிறகு குரலை இனிப்பாக்கிக்கொண்டு, "ஒண்ணு செய்யறேன். நெட்டைக்காக ஸ்பிரிங் வச்சதைச் சாதா விலைக்கே கொடுத்துடறேன். என்ன நெட்டை?"

"ரொம்ப நன்றி சார்" என்றார் என் கணவர்.

அந்த 'சார்' என்னை அறைந்ததுபோல் இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்தேன். கீழ்த் தட்டில் தூசி படிந்து இன்னொரு ரம்பம் இருந்தது.

"அது என்ன?"

"அதா? கரண்ட்ல ஓடறது. வயரை இழுத்துக்கிட்டே திரியணும். காட்டு வேலைக்கு ஆகாது."

"நான் காட்டுக்குப் போகலை. எங்க பின்வாசல்லயே பிளக் இருக்கு."

வேண்டாவெறுப்பாக மாட்டிக் கொடுத்தார். எடை கம்மி. உறுமலும் இல்லை, புகையும் இல்லை. அதிர்வு கிட்டத்தட்ட ஸ்பிரிங் வைத்ததற்குச் சமம். புத்தகத்தில் இருந்த எண்ணும் அதையே சொன்னது. விலையோ மூன்றிலும் குறைவு. எங்கள் வீட்டுக்கு ஏற்ற ரம்பத்தை அவர் எடுத்துக் காட்டவே இல்லை.

"இதையே கொடுங்க" என்றேன். "போட்ட விலைக்கே. ஒரு காசு குறைக்க வேண்டாம்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதி தூரம் போன பிறகு, "அவர் குறைச்சுக் கொடுத்ததையே வாங்கியிருக்கலாம்" என்றார்.

"எதுக்கு நன்றி சொன்னீங்க அவருக்கு?"

"வேற என்ன சொல்றது? இருபத்தாறு வருஷத்துல அவர்கிட்ட வேற வார்த்தை பேசினதே இல்லையே."



அடுத்த வாரம் நான் தனியாக வக்கீலைப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கொட்டேஷன் எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்றார். பழைய காகிதங்கள் வெள்ளத்தில் போய்விட்டதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. மனு தள்ளுபடியானது. வராந்தாவில் எங்களைத் தாண்டிப் போனபோது ஸ்டோர்காரர் என்னிடம், "ரம்பம் நல்லா ஓடுதா தங்கச்சி?" என்று விசாரித்தார். மனுஷன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

ரம்பம் நன்றாகத்தான் ஓடுகிறது. காலையில் வெயில் வந்த பிறகு நான் அறுப்பேன். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பேன். விரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை அதுதான். என் கணவர் துண்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு, நூல் ஏறும் வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏறியதும் அடுக்கப் போவார்.

நேற்று நூல் மூன்றாவது தடவைதான் ஏறியது.

"குளிருக்கு விரல் விறைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

"நானும் முதல்ல உன்கிட்ட அப்படித்தான் சொன்னேன்" என்றார்.

போய் பிளக்கைப் பிடுங்கினார். மரத்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு கையாலும் பற்றி இழுக்க வேண்டியிருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பின்வாசலில் இன்னும் நாலு கட்டை மீதி இருந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நான் போய் பிளக்கை மாட்டினேன்.