தெரியாதவர்கள் நடுவே ஒரு தூக்கம்

விமான நிலையத்தின் இரண்டு லவுஞ்சுகளுக்கும் நடுவே, படிக்கட்டின் அடியில், பையை இறக்கி வைத்துவிட்டுத் தாணுமாலையன் நின்றான். கீழே இருப்பது பழையது. ஜன்னல் கிடையாது. உப்புமா எப்போதும் ஆறியிருக்கும். காப்பி இயந்திரம் பாதி நாள் ஓடாது. ஆனால் பின்வரிசையில் சாயும் நாற்காலிகள் உண்டு, விளக்கு மங்கல், கார்டைத் தேய்த்துக் கொடுத்த பிறகு வாசலில் இருக்கும் ஷிபு ஒரு வார்த்தை கேட்கமாட்டான். மேலே இருப்பது புதியது. ரன்வேயைப் பார்த்த கண்ணாடிச் சுவர், இடியாப்பம், முட்டைக்கறி, பாலடைப் பாயசம், ஓடித்திரியும் குழந்தைகள். இந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் அவன் கீழேதான் போவான். இன்று பிரேமா அத்தை மேலே போகச் சொல்லியிருந்தாள்.

பிரேமா அத்தை அவன் மாமியார். ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடைகளுக்குப் பின்னால் வீடு. இத்தனை வயதுக்கும் விமானத்தில் ஏறியதில்லை. மஸ்கட்டில் அவன் விமானம் ஏறுவதற்கு முன் போனில் கூப்பிட்டு, "மேல உள்ளதுல இடியாப்பம் நல்லா இருக்கும்னு சொல்லுதாவ மக்களே. ரெண்டு வாய் தின்னுட்டு அங்கயே கெட. வயிறு காயப்பிடாது," என்றாள். யார் சொல்லுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு இடத்தில்கூட அவன் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

கீழே கண்ணாடிக் கதவைத் திறந்து ஷிபு எட்டிப் பார்த்தான். "சாரே, இன்னு இவிட இல்லே?"

"இன்னைக்கு மேல."

"ஓ. பாயசம்," என்று சிரித்துவிட்டு ஷிபு கதவை மூடிக்கொண்டான்.

ஐப்பசி ஆறாட்டு நாள். ஆண்டுக்கு இரண்டு முறை இந்த ஊரில் விமானங்கள் பத்மநாபசாமிக்கு வழிவிடும். சாமி கோட்டைக் கோயிலிலிருந்து புறப்பட்டு, ரன்வேயைக் குறுக்காகக் கடந்து, சங்குமுகம் கடலில் குளித்துத் திரும்பும்வரை எதுவும் இறங்காது, எதுவும் ஏறாது. மஸ்கட் விமானம் ரன்வே மூடுவதற்குச் சற்று முன் இறங்கிவிட்டது. அவன் அடுத்து ஏறவேண்டிய பெங்களூர் விமானம் சாமி திரும்பிய பிறகுதான். நடுவே ஒரு மாலை முழுவதும் கிடந்தது. ஆரியசாலை ஆட்டோவில் போய்விடுகிற தூரம். ஆனால் அந்த வீட்டின் நடு அறையில்தான் அவன் மனைவி ஸ்ரீலட்சுமி கடைசி மாதங்களில் கிடந்தாள். கட்டிலை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், என்றாலும் அவனால் அந்த நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. இவ்வளவு நேரம் இருக்கிறது என்று அத்தையிடம் சொல்லும்போதே, வா என்று வற்புறுத்துவாள் என்று பயந்தான். "வரண்டாம் மக்களே, அலைச்சல்," என்றாள். அவனைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று அதையும் அவள் கணக்கில் வைத்தான்.

ஸ்ரீ இருந்தவரை அத்தை அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவாள். வாங்க, இருங்க, சாப்பிடுங்க. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, அடுக்களையில் அவனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு, பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல் "குடி மக்களே," என்றாள். பள்ளிக்கூட வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவன். அன்றுதான் கொஞ்சம் அழுதான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் நீ, வா, மக்களே. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவான். ஸ்ரீயைப் பற்றி அவன் பேசுவது அவளிடம் மட்டும்தான். ஆண்டு கழியும்வரை கோயில் நடை மிதிக்கக் கூடாது, சாமி பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அவனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் சொன்னதால் கடைப்பிடித்தான். பழவங்காடி வழியாக ஆட்டோ போனால்கூடப் பிள்ளையார் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டான். கார்த்திகையில்தான் ஆண்டு முடிகிறது.

தூக்கத்தின் விஷயத்தையும் அவளிடம்தான் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியில், பிற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவே அவன் தூங்கப் பழகியிருந்தான். ஸ்ரீ போன பிறகு கட்டிலில் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் பக்கத்தில் உள்ள வெறுமை எடையாகத் தெரிந்தது. பிறகு ஒருநாள் சென்னை விமான நிலைய லவுஞ்சில், குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு முன்பின் தெரியாத ஆளுக்கு அடுத்த நாற்காலியில், கட்டையைப் போலத் தூங்கிவிட்டான். தெரியாதவர்கள் நடுவில் மட்டும் அவனுக்குத் தூக்கம் வந்தது. கிளை அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கப் போகும் வேலையை யாரும் விரும்புவதில்லை, அதை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அலுவலகத்தில் பயல்கள் அவனுக்கு லவுஞ்ச் தாணு என்று பெயர் வைத்தார்கள். எந்த ஊரில் எது நல்லது என்று அவனிடம்தான் கேட்பார்கள். பிரியாணி எப்படி என்று கேட்டால் அவனுக்கு ஞாபகம் இருக்காது. எந்த நாற்காலி எவ்வளவு சாயும் என்று சொல்வான். அவர்கள் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தவள் பிரேமா அத்தை ஒருத்தி. சொன்ன அன்று அவள் கதவைச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "இத வேற யாருட்டயும் சொல்லாண்டாம் மக்களே. பைத்தியம்னு சொல்லுவாவ," என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு அவன் படியேறினான்.

மேலே கூட்டம் முழுவதும் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. ரன்வேயின் இருபுறமும் போலீஸ்காரர்கள். சாமி வர இன்னும் நேரமிருந்தது. இலவசக் காட்சிக்கு நல்ல இடம் பிடித்துவிட்ட மகிழ்ச்சி எல்லார் முகத்திலும். அவன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உணவு மேசைப் பக்கம் நடந்தான்.

"அத்தான்."

மூலையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஆர்யா. பிரேமா அத்தையின் அண்ணன் மகள், ஸ்ரீயின் மாமா மகள். கல்யாணத்தில் ஸ்ரீக்குப் பின்னால் தட்டு பிடித்துக்கொண்டு நின்றவள். பதினாறாம் நாளிலும் பார்த்திருந்தான். பெங்களூரில் வங்கியில் வேலை. லீவு முடிந்து திரும்பிப் போகிறாள் போலும், அதே விமானம் என்று நினைத்துக்கொண்டான். சந்தன நிறச் சுடிதார், காதில் சிறிய ஜிமிக்கி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியின் மேல் கைப்பை வைத்து இடம் பிடித்திருந்தாள். பையை எடுத்துவிட்டு, "இது நல்லா சாயும் அத்தான். ஞான் இருந்து நோக்கினேன்," என்றாள்.

அவன் நன்றி சொன்னான். சாயும் நாற்காலியைப் பற்றி இவளுக்கு என்ன என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு விட்டுவிட்டான்.

இடியாப்பம் எடுத்து வந்தாள். வேண்டாம் என்பதற்கும் அவனுக்கு அலுப்பாக இருந்ததால் சாப்பிட்டான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவள் பெங்களூர் மழையைப் பற்றிச் சொன்னாள், வீட்டுக்காரம்மாள் தண்ணீருக்கு மீட்டர் வைத்ததைச் சொன்னாள். அவன் உம் கொட்டினான். அவள் ஓரிரு முறை எதையோ எதிர்பார்த்து நிறுத்தினாள். அவன் எதுவும் கேட்காததால் மறுபடி தொடங்கினாள். கடைசியில் பாயசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தாள்.

"வீட்டுல வச்சுன்னா கேசரியும் பஜ்ஜியும் வைக்கணும். நான் தட்டெடுத்துட்டு வரணும். இங்க பஃபே. பெண்ணுகாணலுக்கு இது எவ்வளவோ தேவல, அல்லே?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

அவள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "அத்தான் ஒண்ணும் பேசாண்டாம். தூங்கணும்னா தூங்குங்க. உங்களுக்கு வீட்டுல தூக்கம் வராதாம், தெரியாத ஆளுங்க பக்கத்துல இருந்தாத்தான் வருமாம். அத்தை சொன்னாவ. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது முதல்ல. பின்ன யோசிச்சப்போ பாவமாட்டு இருந்தது. ஃப்ளைட் விளிக்கும்போ ஞான் எழுப்புறேன்," என்றாள்.

பாயசத்தின் மேல் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் தான் என்னென்ன சொன்னோம் என்று தேடிப் பார்த்தான். ஸ்ரீயின் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுக்காமல் வைத்திருப்பதைச் சொல்லியிருந்தான். குளியலறையில் பேசுவதைச் சொல்லியிருந்தான். அதையெல்லாம் ஒரு கூடத்தில் உட்கார்ந்து இவள் அப்பா, இவள் அம்மா, இவள், எல்லோரும் கேட்டிருப்பார்கள். பையன் நல்லவன்தான், கொஞ்சம் இப்படி, சரியாகிவிடும் என்று அத்தை சொல்லியிருப்பாள். காப்பி கொடுத்திருப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஆர்யா," என்றான்.

"என்னது?"

"நீ வருவேன்னு தெரியாது. அத்தை இடியாப்பம் நல்லா இருக்கும்னு மட்டும்தான் சொன்னாவ."

அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் முதலில் கை தானாகக் காதுக்குப் போய் ஜிமிக்கியைத் தொட்டது. "அத்தான்தான் கேட்டதாட்டுல்லா சொன்னாவ," என்றாள். "பாக்கணும்னு அவரே கேட்டாரு, வீட்டுக்கு வர சங்கடமாட்டு இருக்காம், ஏர்போர்ட்டுலன்னா யாருக்கும் தெரியாதுன்னு. நான் ஒரு நாள் முன்னாடி டிக்கெட்ட மாத்தினேன்." கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வீட்டுல இருந்து இறங்கும்போ அம்மை தலையில பூ வச்சுவிட்டா. கார்ல வச்சு எடுத்துக் களைஞ்சேன். துக்கத்துல இருக்கப்பட்ட ஆளுக்க முன்னாடி பூவோட போறதான்னு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்ல வேளை."

அவன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தான். எதற்கு என்று தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குடுவைகள் இருந்த பக்கம் போனான்.

முதல் மணியிலேயே அத்தை எடுத்துவிட்டாள். காத்திருந்திருக்கிறாள். பின்னணியில் சுமை இறக்கும் லாரியின் சத்தம். "எத்தியாச்சா மக்களே? தின்னியா?"

"ஆர்யா இங்க இருக்கா."

அத்தை பேசத் தொடங்கினாள். நல்ல பிள்ளை என்றாள். ஸ்ரீக்குப் பிடித்த பிள்ளை என்றாள். பெண் வீட்டுக்காரன் தானாக இறங்கி வரமாட்டான், அதனால் மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லவேண்டி வந்தது, அதில் என்ன தப்பு என்றாள். கல்யாணத்தைத் தை மாதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், பேச்சு மட்டும் இப்போது முடிந்திருக்கட்டும் என்றாள். நாளைக்கு அவன் வேறெங்காவது ஒரு பெண்ணைக் கட்டுவான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஆரியசாலைக்காரிக்குப் போன் போடுவானா என்று கேட்டாள். குரல் உடைந்தது. "எனக்க மோளு போயாச்சு. இனி நீ எந்த முறைக்கு இந்த வாசல்ல ஏறுவே, சொல்லு. ஆர்யாவக் கெட்டினா நீ நம்ம வீட்டுலயே இருப்பேல்லா."

அதில் பொய் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"தூக்கத்தையும் சொல்லணுமா அத்தை?"

லாரிக்காரன் யாரையோ மலையாளத்தில் திட்டினான். பிறகு அவள் மிக மெதுவாகச் சொன்னாள். "பின்னால அவ பயந்துரப்பிடாதுன்னுதான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாதீங்க மாப்ள. சாப்பிடுங்க."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

திரும்பி வந்தபோது ஆர்யா தன் பையையும் தட்டையும் இரண்டு மேசை தள்ளி எடுத்துப் போயிருந்தாள். முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவன் வருவது தெரிந்ததும் தலையை மட்டும் பக்கவாட்டில் சாய்த்து, "அந்தச் சேர் காலிதான். இனி ஞான் உங்களுக்குத் தெரியாத ஆளு. தூங்கிக்கிடுங்க," என்றாள். கேலியா, கோபமா, இரக்கமா என்று குரலில் பிரிக்கமுடியவில்லை. ஜிமிக்கிகள் மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன.

அவன் உட்கார்ந்தான். விசையை அழுத்தினான். அவள் சொன்னது சரிதான், நாற்காலி நன்றாகச் சாய்ந்தது. கண்ணை மூடினான். சுற்றிலும் தெரியாதவர்கள். ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ காப்பி உறிஞ்சினார்கள், எவனோ செருப்பை இழுத்து நடந்தான். வழக்கமாக இந்தச் சத்தங்களுக்குள்ளே படியிறங்குவதுபோல் அவன் இறங்கிவிடுவான். இன்று ஒவ்வொரு சத்தமும் அவனைத் தெரிந்ததாக இருந்தது. குளியலறையில் பேசுகிறவன் இவன்தான் என்று அறை முழுவதும் தெரிந்து வைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

வெளியே செண்டை கேட்டது. கண்ணாடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பணியாட்கள்கூடக் கரண்டிகளை வைத்துவிட்டு வந்தார்கள். யாரோ விளக்கைக் குறைத்தார்கள், வெளியே தெளிவாகத் தெரிவதற்காக.

தாணுமாலையன் எழுந்தான். அத்தை சொன்ன கார்த்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. நடந்துபோய்க் கூட்டத்துக்குப் பின்னால், பிறகு கூட்டத்துக்கு நடுவே, பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். முகத்தைத் திருப்பவில்லை.

பொழுது சாயும் சிவப்பில் ரன்வே நீளமாகக் கிடந்தது. முரசு கட்டிய யானை ஒன்று, விமானங்கள் ஓடித் தேய்ந்த கறுப்புச் சக்கரத் தடங்களின்மேல் நிதானமாக அடி வைத்துக் கடந்தது. பின்னால் வாள் ஏந்தியவர்கள், சட்டையில்லாத தோள்கள், தோள்களின்மேல் ஆடி ஆடி வரும் பொன் வாகனம். தூரத்தில், மூக்கை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, விளக்கணைந்த ஒரு விமானம் காத்துநின்றது. சுற்றிலும் கைகள் குவிந்தன. அவன் கைகள் பக்கவாட்டில் தொங்கின. கண்ணாடியில் வாகனத்தின் பொன்னுக்கு மேலாக அவன் முகமும், அதற்குப் பின்னால், இரண்டு மேசை தள்ளி, எழுந்து வராமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முதுகும் தெரிந்தன. வாகனம் கடந்துபோயிற்று. அவை இரண்டும் கண்ணாடியிலேயே இருந்தன.