தானாகத் திரும்பாத சுவிட்ச்

ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்தியும் ஏசி வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக 'கீச்' என்று ஒரு குரலாவது கொடுக்கும். இன்று கல்லுளிமங்கன் மாதிரி சுவரில் உட்கார்ந்திருந்தது.

சர்வேயர் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டார். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லா பிரேக்கர்களும் மேலே நிமிர்ந்துதான் இருந்தன. ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் உறுமியது. கரண்ட் இருக்கிறது, ஏசிக்கு மட்டும் இல்லை.

அவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் போய்ப் பார்த்து, தானாக நடந்ததா, நடத்தப்பட்டதா என்று எழுதிக் கொடுப்பவர். யார் சொன்னதையும் முதல் தடவையில் நம்பிப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டை கழலும். அந்தப் பழக்கம் கழலாது.

"நேத்துதானே மெக்கானிக் வந்து கழுவிட்டுப் போனாரு? அவருக்கே ஒரு போன் போடுங்களேன்," என்றாள் மனைவி, பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டே.

"அவன் வேலை செஞ்சப்ப நான் பக்கத்துலயே நின்னேன். ஒவ்வொரு ஸ்க்ரூவா எண்ணிப் பாத்தேன். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது."

நின்றது உண்மைதான். மெக்கானிக் ஏணியில் ஏறினால் இவர் நாற்காலியில் ஏறினார். அவர் பால்கனிக்குப் போனால் இவரும் போனார். நடுவில் ஆபீசிலிருந்து போன் வந்து உள்ளே போனவர், திரும்பி வந்ததும், "முடிஞ்சுதுல்ல? கிளம்புங்க, எனக்கு வேலை இருக்கு" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ராத்திரி மழை பெய்ததால் ஏசியை யாரும் தேடவில்லை.

இப்போது பால்கனிக்குப் போனார். ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் ஏசிக்கென்றே ஒரு திருகு சுவிட்ச். அது அணைந்த பக்கம் பார்த்து நின்றது. பிரேக்கர் என்றால் தானாக விழும். இது விழாது. ஒரு கை வந்து திருப்ப வேண்டும்.

அதைத் திருப்பிப் போட்டிருந்தால் வீடு குளிர்ந்திருக்கும். அவர் போடவில்லை. தடயம் கலையக் கூடாது. நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

சுவிட்சுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மனைவியின் தம்பி உட்காரும் இடம். அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. போன வாரம் சர்வேயர், "பகல்லயும் ஏசி ஓடணுமா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டிருந்தார். கூரை பதில் சொல்லவில்லை. அவன்தான் அன்றிலிருந்து பால்கனிக்குக் குடிபெயர்ந்துவிட்டான்.

காரணம் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. சாட்சிதான் பாக்கி.

சாட்சி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. நாலு வயது மகள்.

"பாப்பா, பால்கனி சுவிட்சை யாராவது திருப்பினாங்களா?"

"மாமா திருப்பினாங்க," என்றது, நிமிராமலே.

"நீ பாத்தியா?"

"ம். டக்குனு சத்தம் கேட்டுச்சு."

அது போதும் அவருக்கு. "தம்பி, கொஞ்சம் இங்க வா."

எப்போதும் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுவிட்சை ஏன் அணைச்ச?"

"எந்த சுவிட்ச் அத்தான்?"

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. கடையக் கொளுத்தினவன்கூட 'எந்தத் தீ'ன்னுதான் கேட்டான்."

"நான் எதுக்கு அத்தான் அணைக்கப் போறேன்?"

"உனக்கு இல்லாத குளிர் வேற யாருக்கும் இருக்கக் கூடாதுன்னு."

"என்னங்க, வாய்க்கு வந்ததெல்லாம் பேசாதீங்க," என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"உன் பொண்ணே சொல்றா, மாமா திருப்பினாருன்னு. அவளும் பொய் சொல்றாளா?"

தம்பி திரும்பி உள்ளே போனான். அதையும் சர்வேயர் மனதில் குறித்துக்கொண்டார். அவன் பையை எடுத்து வந்து, அவர் முன்னால் ஜிப்பைத் திறந்து காட்டினான்.

"நல்லாப் பாத்துக்குங்க. உங்க வீட்டுக் குளிர் எதையும் நான் எடுத்துட்டுப் போகல."

படியில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது.

"எங்கங்க போவான் அவன்?" என்றாள் மனைவி, வாசலைப் பார்த்தே.

சர்வேயர் வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. பாப்பா ஓடிப்போய்க் கதவைத் திறந்தது. "அம்மா, மாமா வந்திருக்காங்க!"

மனைவிக்கு உயிர் வந்தது. 'வராம எங்க போவான்' என்று சர்வேயர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஏணியும் கையுமாக நின்றவர் ஏசி மெக்கானிக்.

"தப்பா நினைக்காதீங்க சார். நேத்து வேலைக்காக பால்கனி சுவிட்சை அணைச்சேன். திரும்பப் போட்டேனான்னு சந்தேகம். பக்கத்துத் தெருவுல ஒரு வேலை, அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு... நீங்க தோள்மேலயே நின்னீங்களா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இந்த மாமாதான்," என்றது பாப்பா.

வீட்டுக்கு யார் வந்தாலும் மரியாதையாக மாமா என்று கூப்பிட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான்.

பால்கனியில் 'டக்'. அறையில் 'கீச்'. கேட்பதற்குச் சர்வேயர் அங்கே இல்லை. செருப்புகூட மாட்டாமல் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தின் நிழலில் நின்றிருந்தான் அவன்.

"மாப்ள," என்றார், மூச்சு வாங்க. "ஏசி ஓடுது. வா."

"யாரு போட்டாங்க?"

"மாமா."

"எந்த மாமா?"

தார் ரோடு சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தார். "இதை நான் கேட்டிருக்கணும் மாப்ள," என்றார்.

அவன் அவருடைய வெறுங்காலைப் பார்த்தான்.

"கால் வெந்துடும் அத்தான். நிழலுக்கு வாங்க," என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பையை மட்டும் கீழே வைக்கவில்லை.