அந்த மலையை யார் மிதிப்பது?

ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் மாமனாராக வாய்ப்பது எல்லாருக்கும் நடக்கிற காரியமில்லை. மழைக்காரிக்கு நடந்தது. அந்த மனிதருக்குத் தொளதொளவென்று எதைக் கண்டாலும் பொறுக்காது. பூந்தொட்டிக்கு மண் போட்டால் முஷ்டியால் நாலு குத்து குத்துவார். பெட்டியில் துணி அடுக்கினால் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சொந்தபந்தமெல்லாம் அவரை ரோலர் என்றுதான் சொல்லும். அவருக்கும் அதில் பெருமைதான்.

மருமகளுக்கு மழைக்காரி என்று பெயர் வைத்ததே அவர்தான். தப்பில்லை, அவள் பார்க்கும் உத்தியோகம் அது. ஆய்வுக்கூடத்தின் கூரைக்கடியில் வரிசையாகக் குழாய்கள், அவற்றில் பொடித் துளைகள். கீழே, ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய இரும்புப் பெட்டி. பெட்டியில் மண்ணை நிரப்பி, ஒரு முனையைத் தூக்கிச் சரிவாக நிறுத்தி, வால்வைத் திறந்தால் மழை. எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு நிற்கும், எது சரியும் என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஊர்ல எல்லாரும் மழை வந்தா வீட்டுக்கு ஓடி வருவாங்க. என் மருமக மழைக்குன்னே ஆபீஸ் போறா" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார் ரோலர்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவில் ஒரு வீடு வந்து சேர்ந்தது.

மனைவி போனபிறகு ரோலர் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மகனும் மருமகளும் வேறொரு தெருவில் மாடி வீட்டில். எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்று அவரே அலைந்து திரிந்து ஊரோரத்தில் ஒரு வீட்டைப் பிடித்தார். பெரிய கூடம், நல்ல வெளிச்சம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பின்சுவரை ஒட்டினாற்போல் மண்மேடு கிளம்பி மலையாக ஏறியது. "பின்னாடி ரூம் எனக்கு. ஜன்னலத் திறந்தா மலைக்காத்து!" என்றார் ரோலர்.

மழைக்காரி அந்தச் சரிவை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். மண் விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது.

"மாமா, இந்தச் சரிவு எனக்குப் பிடிக்கல."

"சரிவு பிடிக்கலையா, என்னைப் பிடிக்கலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. விடிவதற்குள் எழுந்து ரேடியோவை அலறவிடும் மனிதர். யார் வந்தார்கள், யார் போனார்கள், தோசைக்கல்லை எங்கே வைத்தாய் என்று சகலத்துக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கும் மனிதர். அவரோடு ஒரே கூரைக்கடியில் ஆயுசு முழுக்கவா? புருஷனைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி எது சொன்னாலும் எனக்கு ஓகே" என்று நழுவிவிட்டான். அந்த மாதிரி சமர்த்து அவன்.

"சரி, என்னை நம்ப வேணாம். மண்ணை நம்புங்க" என்றாள். "லேபுக்கு வாங்க. உங்க மலை மேலயே மழையப் போட்டுப் பார்ப்போம்."

"நின்னுச்சுன்னா?"

"நின்னா குடிவந்துடறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

சரிவில் எஃகு வளையத்தை இறக்கி, மண் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அவள் முதலில் அளந்துகொண்டாள். பிறகு மூட்டை மூட்டையாக மண் வந்தது, கூடவே ரோலரும் வந்தார். பெட்டியில் மண்ணை அதே இறுக்கத்தில், மெல்லிசு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பாதியில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். "மாமா, அப்படியே உட்காருங்க, தோ வந்துடறேன்" என்று ஓடினாள். கூட்டம் ரப்பராக இழுத்தது. திரும்பி வந்தால், பெட்டி விளிம்புவரை நிரம்பி இருந்தது. "ஒண்டியா கஷ்டப்படுவியேன்னு நானே போட்டு முடிச்சிட்டேன்" என்றார் ரோலர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. அவசரத்தில் அவளும் அதற்குமேல் ஆராயவில்லை. ஆராய்ந்திருக்க வேண்டும், அவள் தொழிலே அதுதானே!

வால்வைத் திறந்தாள். மழை பிடித்தது. ரோலர் வெளியே நனையாத இடத்தில் குடையோடு உட்கார்ந்துகொண்டு பெட்டியையே பார்த்தார்.

சரிவு அசையவில்லை. தண்ணீர் மேலோடு வழிந்து, அடியில் கலங்கலாகக் கொட்டியது. மண்ணுக்குள் ஈரம் ஏறுவதைப் பார்க்க அவள் முதலிலேயே புதைத்திருந்த கருவிகள் ஒன்றுமே காட்டாமல் தூங்கின. மழையைக் கூட்டினாள். ஊஹூம், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. விழு, விழுந்து தொலை என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பதை அவளே கேட்டாள். கேட்டதும் வெட்கமாகப் போயிற்று.

"பார்த்தியா என் மலைய!" ரோலர் குடையைத் தூக்கி ஆட்டினார். அங்கேயே போனை எடுத்தார். "தரகர் தம்பி, அந்த வீட்ட இனிமே யாருக்கும் காட்டாதீங்க. என் மருமகளே சர்டிபிகேட் குடுத்துட்டா!"

மழைக்காரி வால்வை மூடினாள். இன்னொரு தடவை புதுமண் போட்டுப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்த மூட்டையைத் தேடினாள். சாக்கு மட்டும் மடித்துக் கிடந்தது.

"மாமா, இதுல இருந்த மண்ணு எங்க?"

"அதுவா? அதையும் உள்ள போட்டுட்டேன்."

"அவ்ளோ மண்ணுக்கு அதுல இடமே இல்லையே!"

"மிதிச்சா இடம் கிடைக்காதா? ஒவ்வொரு தட்டா ஏறி நின்னு நல்லா மிதிச்சேன். இல்லன்னா தொளதொளன்னு இருக்கும்மா. அதுல எவன் நிப்பான்?"

மழைக்காரி ஒரு நிமிஷம் அவர் காலையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பெட்டிய மிதிச்சுட்டீங்க, சரி. அந்த மலைய யார் மாமா மிதிக்கறது?"

ரோலர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு குடையை மடக்கி ஓரமாக வைத்தார்.

மண்ணையெல்லாம் வெளியே கொட்டி, மின்விசிறிக்கடியில் பரப்பி உலர்த்தினார்கள். உலர்ந்தபின் அவளே அளந்து அளந்து நிரப்பினாள். ரோலரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் முக்காலிமேல் தூக்கிவைக்கச் சொன்னாள். மண் மெத்துமெத்தென்று விழுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பாதம் துறுதுறுத்தது. இருந்தும் அடக்கிக்கொண்டார். பாவம், பெரிய கஷ்டம்தான் அது.

"வால்வ நீங்களே திறங்க மாமா. இந்தக் கோடு வரைக்கும். நாளைக்கு நான் ஏதோ பண்ணிட்டேன்னு பேச்சு வரக்கூடாது."

திறந்தார். இந்தத் தடவை ஒரு சொட்டு மேலே வழியவில்லை. அத்தனையையும் மண் குடித்தது. "நல்ல பிள்ளையா குடிக்குது பாரு!" என்று குதூகலித்தார். கருவிகளில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. இப்போது விழட்டும் என்றும் அவளால் வேண்டிக்கொள்ள முடியவில்லை, வேண்டாம் என்றும் முடியவில்லை. ரோலர் ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் மயிரிழை போல ஒரு கோடு கீறியது. அடுத்த மூச்சுக்குள் சரிவு மொத்தமும் இடுப்பொடிந்து உட்கார்ந்தது, வழுக்கியது, பெட்டியின் அடிச்சுவரில் தொப்பென்று மோதிக் குவிந்தது. வீடு இருந்தால் பின்னறை இருந்திருக்க வேண்டிய இடம் அது. ரோலர் எழுந்துபோய் வால்வைத் தானே மூடினார். கூரைக்குழாய்கள் சொட்டி ஓய்ந்தன.

"நிஜத்தச் சொல்லு" என்றார் திரும்பாமலே. "விழணும்னு நினைச்சியா?"

"முதல் தடவை நினைச்சேன் மாமா. உங்ககூட ஒரே வீட்ல இருக்க பயமா இருந்துச்சு." "ஆனா அந்தப் பின்னாடி ரூம்ல நீங்க படுத்திருக்கறத நினைச்சா அதவிட பயமா இருந்துச்சு."

ரோலர் அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலால் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. பிறகு போனை எடுத்தார்.

"தரகர் தம்பி, அந்த வீடு வேணாம். இல்ல இல்ல, மருமக சொல்லிட்டா, முடிஞ்சுது. வேற பாருங்க, தரை சமமா இருக்கணும். ஒட்டினாப்புல ரெண்டு வீடா இருந்தா ரொம்ப நல்லது. நடுவுல ஒரு கதவு போதும்." மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "தாழ்ப்பாள் அவ பக்கம் இருக்கட்டும்."