மாடிக்குப் போனவள்

பெரியவள் துணிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பாள், சட்டைக்கு இடுப்பு பிடிப்பாள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் தங்கைதான். தங்கைக்கு இருந்ததோ ஒரு நோய். சுவருக்குள்ளிருந்து ஆட்கள் தன்னைத் திட்டுவதாகச் சொல்வாள். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைப்பாள். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது, வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. பெரியவள் தனக்கு வந்த வரன்களையும் திருப்பி அனுப்பினாள். மாத்திரையைக் கெஞ்சிக் கொடுத்தாள், மிரட்டிக் கொடுத்தாள், பாலில் கலந்து கொடுத்தாள். தங்கை விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்படியே பல வருஷம் ஓடியது.

பிறகுதான் மாடி வந்தது.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீளமான கூடத்தை எல்லோரும் மாடி என்றே சொன்னார்கள். மனநோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கிறவர்கள் அங்கே பகலில் கூடினார்கள். சமைத்தார்கள், செடி வளர்த்தார்கள், கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் கிடையாது, வெள்ளைக் கோட்டு கிடையாது. மேற்பார்வைக்கு ஒருத்தி இருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள் என்பதால் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பேர். அவளும் ஒரு காலத்தில் இதே நோயில் விழுந்து எழுந்தவள்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள் என்று பெரியவளேதான் தங்கையை அங்கே கொண்டுபோய் விட்டாள். சில மாதங்களில் தங்கை தானாகக் குளித்தாள், தானாகத் தலை வாரினாள். ஒருநாள் பல் தேய்த்த கையோடு மாத்திரையையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருடி சொன்னா?"

"கண்ணாடி அக்காதான். பிரஷ் பக்கத்துல வெச்சா மறக்காதுன்னாங்க."

பெரியவள் அடுப்பைத் துடைத்தாள். கண்ணாடி அக்காவாம்! நாய் படாத பாடு பட்டவள் இங்கே நிற்கிறாள், நேற்று வந்தவளுக்கு அக்கா பட்டமா? உழுதவள் ஒருத்தி, அறுத்தவள் ஒருத்தி. வயிறு எரிந்தது. அதைவிட, தங்கை நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஒருநாள் வழக்கம்போலத் தங்கையைக் கூட்டிவர மாடிக்குக் கீழே போனபோது சைக்கிள் கடைக்காரர் கூப்பிட்டார். "என்னம்மா, உங்க தங்கச்சிக்கு நூலகத்துல வேலையாமே! ஸ்வீட் எங்க?"

புத்தகம் அடுக்கும் வேலை, அரை நாள். ஊருக்கே தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

"அவகிட்ட முதல்ல சொன்னே, இல்ல? அந்தப் பொம்பளையே ஆஸ்பத்திரில கெடந்தவ. அவளுக்கு என்ன தெரியும்?"

"அதனாலதான்க்கா அவங்ககிட்ட சொல்றேன்."

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வாய் தானாக ஓடியது. "உன்னால ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. விழுந்தா தூக்கறது யாரு, அவளா? நான்தான் தூக்கணும்."

தங்கை எழுந்து உள்ளே போய்ப் படுத்தாள். மறுநாள் மாடிக்குப் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சுவரைப் பார்த்தே கிடந்தாள். பெரியவள் லீவு போட்டாள். பால் காய்ச்சிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தங்கை பேசாமல் வாய் திறந்தாள். பெரியவளுக்கு மனசு நிறைந்ததுபோல் இருந்தது. தங்கை தன் கைக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். மத்தியானம் உள்ளே எட்டிப் பார்த்தபோது, தங்கை ஜன்னல் இடுக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பெரியவளுக்கு வெட்கமாகப் போனது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மாடிக்கு நடந்தாள்.

கண்ணாடிக்காரி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க. ரெண்டு நாளா அவளைக் காணோமேன்னு இப்பதான் போன் பண்ண இருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல அவ? இத்தனை வருஷம் நான் பாத்திருக்கேன். உங்ககிட்ட மட்டும் எல்லாம் சொல்றா!"

"வேலை கிடைக்காமப் போனா நீங்க உடைஞ்சுடுவீங்கன்னு பயந்தா. நான் உடைய மாட்டேன். அவளுக்கு நான் யாரோதானே?" கண்ணாடிக்காரி கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம்தான் காரணமா என்று தெரியவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு அவளைப் பாத்தா பொறாமையா இருக்கும். என் கூடப்பிறந்தவ என்னை ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போனவ, திரும்பிப் பாக்கல. உங்க தங்கச்சி மாடிப்படி இறங்கினா கீழ நீங்க நிப்பீங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டிருப்பேன்."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். உரித்துக்கொண்டே, தான் கொட்டிய வார்த்தையையும் தங்கை படுத்துவிட்டதையும் சொன்னாள்.

"நீங்க வந்து அவளை எழுப்புங்களேன்" என்றாள் கடைசியில்.

"வரேன். ஆனா முதல்ல நீங்க பேசுங்க. அவ படுத்தது உங்க வார்த்தைக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் சொன்னது தப்பு. நீ வேலைக்குப் போ."

தங்கை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "உனக்குப் பயம்."

"ஆமா."

"பொறாமையும்."

"ஆமாண்டி, பொறாமையும்தான். போதுமா?"

தங்கையின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கண்ணாடிக்காரி வீட்டுக்கு வந்து போனாள், ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார், மாடியிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து தங்கையோடு நடந்தார்கள். நூலகத்தில் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

வேலைக்குப் போன முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் பெரியவள் கடையிலிருந்து நழுவி நூலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தங்கை ஏணியில் நின்று, கீழே நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யார், என்ன பேசுகிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. சுருக்கென்று தைத்தது. கதவில் கையை வைத்தாள், தள்ளவில்லை.

எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லி உட்கார்ந்தாள். அதை ஆறவிடாமல் குடித்து முடித்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள்.