அம்மனுக்கு முன்னால் போகும் கார்

இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்ற மனிதன் நடத்திவரும் போருக்குப் பெயர்தான் நாகரிகம். கேமரன் மலையில் அந்தப் போருக்குத் தளபதியாக இருந்தவர் குகனேஸ்வரன். சென்ற மாதம் ஒரு காலை அவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். சட்டை, புகைக்குழாயில் மாட்டிக்கொண்டிருந்தது. "குமுதா, குமுதா" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குமுதா அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

கார் ஒரு பழைய மோரிஸ் மைனர். தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தன் அப்பாவின் நேர்மையை மெச்சி வெள்ளைக்காரத் துரை பரிசாகக் கொடுத்தது என்பார் குகனேஸ்வரன். துரை ஊருக்குப் போகும்போது கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார், நாய் உட்பட, என்பாள் குமுதா.

எப்படி வந்ததோ, அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ஒரு தமிழரிடம் இருந்த ஒரே கார் அதுதான். அதனால் மாரியம்மன் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டானது. அம்மன் லோரியில் வருவாள். அவளுக்கு முன்னால் கிராணியின் கார் போகும். முன் இருக்கையில் பூசாரி கரகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் பெண்கள் சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பின்னிருக்கையில் நின்றபடி அப்பாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த குகனேஸ்வரனுக்கு மல்லிகையும் பெட்ரோலும் தொழிற்சாலையில் வாடும் கொழுந்தும் சேர்ந்த அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்பா கூட்டத்துக்குக் கையாட்ட மாட்டார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவார். பிறகு மகனும் கிராணியானார், ஓய்வும் பெற்றார். அவரும் இரண்டு விரலைத்தான் தூக்குவார். ரிங்லெட் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட.

இந்த வருடம் வழக்கத்துக்கு ஆபத்து வந்தது. கோயில் தலைவர் பக்கிரிசாமிதான் ஆபத்து. சிறு வயதில் இதே எஸ்டேட் பள்ளியில் குகனேஸ்வரனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது கம்போங் ராஜாவில் கோஸும் செவ்வந்தியும் போடுகிறவர். புது ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வைத்திருப்பவர். போன திருவிழாவில் மோரிஸின் வால் பக்கத்திலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து ரோட்டில் விழுந்ததைக் கோயில் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். பூசாரி இராமையாவுக்குத் தன் கால்களைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு தலைவரே காரின் அடியைப் பார்ப்பது, உறுதியாக இருந்தால் மோரிஸ், இல்லாவிட்டால் ஹைலக்ஸ் என்று முடிவானது.

குகனேஸ்வரன் எழுந்தார். "எங்க வேணா துரு பிடிச்சிருக்கலாம். பூசாரி உட்கார்ற பக்கம் இத்தன வருசத்துல ஒரு பொட்டுத் துரு இல்ல. அது வெள்ளைக்காரன் இரும்பு, பக்கிரி."

"ஞாயித்துக்கெழமை பாத்துருவோம், கிராணி மவனே," என்றார் தலைவர்.

ரிங்லெட்டில் வாகனச் சாமான் கடை வைத்திருக்கும் புனிதன் துருவுக்கு மூன்று வகை மருந்தை எடுத்து மேசையில் வைத்தான். முதலாவது தார் மாதிரிக் கறுப்பு. இருக்கும் அழுக்கின் மேலேயே அடித்துவிடலாம், ரப்பராக மூடிக்கொள்ளும். இரண்டாவது மெழுகு, அடித்த பிறகு இரண்டு நாளாவது நல்ல வெயில் வேண்டும். கேமரனில் வெயிலுக்கு எங்கே போவது என்று அதை அவனே திரும்ப அலமாரியில் வைத்தான். மூன்றாவது செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற பிசுபிசுப்பு. கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் பழைய அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் இரும்பில் அடிக்க வேண்டும்.

"கறுப்பு, மேல அழகா மூடிரும் அங்கிள். உள்ளுக்குள்ள துரு அது பாட்டுக்குத் தின்னும் லா. தெளிஞ்சது எதையும் மறைக்காது," என்றான்.

மறைக்க நமக்கு என்ன இருக்கிறது என்று குகனேஸ்வரன் தெளிந்ததை வாங்கினார். பக்கிரிசாமி அந்த இரும்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையே.

செய்தி கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. சைவமாகிவிட்ட கோயிலில் ஆட்டுக் கொழுப்பு பூசிய கார் அம்மனுக்கு முன்னால் போகலாமா என்று ஒருவர் கேட்டார். பதில் பதிலாக வந்து விழுந்தது. கடைசியில் ஒரு காலத்தில் கொழுந்து எடுத்த மணியம்மா குரலில் ஒரு செய்தி அனுப்பினாள்: "முன்ன முழு ஆட்டையே வெட்டிக் குடுத்தோம், வாங்கிக்கிட்டா. இப்ப ரோமத்துக்கா கோச்சுக்கப் போறா?" குழு அடங்கியது.

அப்படித்தான் அந்தக் காலை குகனேஸ்வரன் காருக்கு அடியில் போனார். சுரண்டச் சுரண்ட அப்பா பூசிய கறுப்பெண்ணெய் கட்டி கட்டியாக விழுந்தது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத் திருவிழாவுக்குத் திருவிழா அப்பாவே கீழே படுத்துப் பூசுவார். ஆபீசில் பேனாவைக்கூடத் துடைத்துவிட்டுப் பிடிக்கிற மனிதர்; இந்த வேலைக்கு மட்டும் எஸ்டேட் டிரைவரையோ மகனையோ கிட்டே விடமாட்டார். கறுத்த கையோடு வெளியே வரும் அப்பாவுக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்தது குகனேஸ்வரனின் இனிமையான நினைவுகளில் ஒன்று. அதை நினைத்துக்கொண்டே பூசாரி பக்கத்தைச் சுரண்டினார். மஞ்சளாக மின்னியது.

வெள்ளைக்காரன் இரும்பு பித்தளையாக இருந்தது. விளிம்பைத் தட்டித் தட்டையாக்கி, சுற்றிலும் ஆணி அறைந்திருந்தார்கள். ஓரத்தில் தாமரை இதழ்கள். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் காணாமல் போன பெரிய தாம்பாளம்.

சட்டையை விடுவிக்க வந்த குமுதாவும் குனிந்து பார்த்தாள். அந்தத் தாம்பாளம் காணாமல் போன கதை எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்போது கோயில் பாத்திரம் தேய்த்தவர் பக்கிரிசாமியின் அப்பா வீராசாமி. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அடுத்த திருவிழாவுக்குப் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். குடும்பத்தோடு கம்போங் ராஜாவுக்குப் போய்விட்டார்.

குகனேஸ்வரனுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு முந்தைய மாலை கார் தரையில் ஓட்டை விழுந்திருந்தது. அப்பா அவசரமாக எஸ்டேட் பட்டறைக்கு ஓட்டிப் போனார். கோயில் சாவி அவரிடம்தான் இருந்தது.

"புதுசா தகரம் வாங்க நேரமில்லாம செஞ்சிருப்பாரு," என்றார்.

"திருவிழா முடிஞ்சப்புறம் நேரம் இருந்துச்சே," என்றாள் குமுதா. "என்ன செய்யப் போறீங்க?"

தாம்பாளத்தைக் கழற்றினால் தரை இல்லை. அம்மனுக்கு முன்னால் காருக்கு இடமும் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. குகனேஸ்வரன் ரிங்லெட்டுக்குப் போய்க் கறுப்பை வாங்கி வந்தார். குளிர் மலைக்குக் கறுப்பே ஏற்றது என்று புனிதனுக்கு ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினார். மூன்று டின் அடித்தார். ஞாயிறு வரை பனிமூட்டம் விலகவே இல்லை.

பக்கிரிசாமி பாயோடு வந்து, கைப்பேசி விளக்கை ஏந்தி அடியில் நுழைந்தார். வெளியே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. காயாத கறுப்பை அவர் கட்டைவிரலால் அழுத்தி இழுத்திருக்க வேண்டும்.

"குகா," என்றது கீழேயிருந்து குரல். "இது எங்கப்பா தேச்ச தட்டு."

குகனேஸ்வரன் வெள்ளைக்காரன் இரும்பைப் பற்றி ஓர் உரை தயாரித்து வைத்திருந்தார். அது வரவில்லை. "திருப்பி வச்சிரணும்னுதான் எங்கப்பா நெனச்சிருப்பாரு, பக்கிரி."

"எங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. யாரோ அவசரத்துக்கு எடுத்திருக்காங்க, திருப்பி வச்சிருவாங்கன்னு. சாகுற வரைக்கும் சொன்னாரு."

அதற்கு மேல் பக்கிரிசாமி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குகனேஸ்வரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலைக் கோயில் கூட்டத்தில் குகனேஸ்வரனே எழுந்து, துரை, கப்பல், அந்தக் காலத்து நிர்வாகம் என்று ஆரம்பித்தார். குமுதா பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தாம்பாளம் தன் அப்பாவின் காரில் இருந்தது, வீராசாமி எடுக்கவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். மணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீராசாமியோடு கோயில் குழாயடியில் பாத்திரம் கழுவியவள் அவள்.

தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்க்கப் பக்கிரிசாமி யாரையும் விடவில்லை, அவரே தேய்த்தார். தரை போன மோரிஸ் கொட்டகையில் நின்றது. அம்மனுக்கு முன்னால் ஹைலக்ஸ் போனது, பூசாரி இராமையா நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தை எல்லா லயமும் பார்க்க வேண்டும், அதைக் கிராணி மகன்தான் ஏந்தி வர வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. குகனேஸ்வரன் வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பட்டு வேட்டியில், தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மல்லிகையும் கொழுந்து வாசமும் அப்படியே இருந்தன. பெட்ரோலுக்குப் பதிலாக டீசல். ஒவ்வொரு லயத்திலும் தேங்காய் உடைத்துத் தண்ணீரோடு தாம்பாளத்தில் வைத்தார்கள். அவர் இரண்டு விரலைத் தூக்கினார்.

அப்பா அறைந்த ஆணிகளின் ஓட்டையை யாரும் அடைத்திருக்கவில்லை. கடைசி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.