ஹெலிக்காறன்

"இப்ப சொல்லு. முழிச்சிருக்கிறார், இப்பவே சொல்லு," என்று தம்பியின் முதுகில் ஒரு இடி இடித்தாள் றஜீனா.

சுஜீத் நாற்காலியை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு இழுத்துப் போட்டான். மடியில் பதக்கப் பெட்டி. அப்பா பெனடிக்ற் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று டொக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மோர்டன் கோவிலிலிருந்து பாதர் வந்து கடைசி நேர அவஸ்தைப் பூசுதலும் கொடுத்தாயிற்று. இது ஒன்றுதான் மிச்சம்.

அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், மகனுக்கு பிரிட்டிஷ் நேவியில் கப்பல் எஞ்சின் பார்க்கிற வேலை. பூசை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்துச் சொல்லுவார், அவர்களுக்கு பஸ் போய்விடும். சுஜீத் ஏறியது கப்பலில் அல்ல, மரீன் படையின் ஹெலிகொப்டரில். ஆப்கானிஸ்தானில், துப்பாக்கிச் சூடு விழுந்துகொண்டிருந்த வயலில் மூன்று தடவை இறங்கி, பதினொரு காயக்காரரைத் தூக்கி ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். அதைப் பற்றிய அறிக்கை எந்த அலுமாரியில் தூங்கியதோ, எழும்பிவரப் பதினான்கு வருடம் பிடித்தது. போன மாதம்தான் கூப்பிட்டு, கைகுலுக்கி, நெஞ்சில் பதக்கத்தைக் குத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து போனது றஜீனா மட்டும். அவள் அழுத அழுகையைப் பார்த்து, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தன் டிஷ்யூ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சண்டைக் காலத்தில் மன்னாரில் ஆமி ஹெலி சுட்டபோது, கூட ஓடிவந்த தன் தம்பியின் உடலை வெறுங்கையால் அள்ளியெடுத்தவர் அவர். அவர் வாயில் அது ஒரு இயந்திரமே இல்லை. ஹெலிக்காறன். ஹெலிக்காறன் வந்தான், ஹெலிக்காறன் சுட்டான். லண்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும், பொலிஸ் ஹெலி வீட்டுக்கு மேலே போனால் டீவியை நிறுத்திவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நிற்பார். இந்த ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியிலோ நாளுக்கு இரண்டு தடவை அது இறங்குகிறது. அறையை மாற்றித் தரச்சொல்லி றஜீனா கெஞ்சிப் பார்த்தாள். வேறு கட்டில் இல்லை என்றார்கள்.

"சொல்லாமல் விடுவமே அக்கா?"

"நீ ஆரெண்டு தெரியாமலே அந்த மனிசன் போறதே?"

சுஜீத் அப்பாவின் கையைப் பிடித்தான்.

"அப்பா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். நான் கப்பலில வேலை செய்யேல்லை."

பெனடிக்ற் மெல்லத் திரும்பினார். மகனை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதில் றஜீனாவுக்குச் சந்தேகமே இல்லை.

"என்ன மோனை?"

"ஹெலியில..." என்றான் சுஜீத்.

யன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. பிறகு கட்டில் அதிர்ந்தது. யாரையோ பிழைக்கவைக்கக் கொண்டுவருகிறார்கள்.

அப்பாவின் முகம் மாறிப்போயிற்று. காலையிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் விழுங்க முடியாமல் கிடந்த மனிதர், கையை உருவி மகனின் பிடரியில் போட்டு அமத்தினார்.

"ஓம், ஹெலிக்காறன் வாறான். குனி மோனை. தலையைத் தூக்காதை, குனி!"

"அது அம்புலன்ஸ் அப்பா! ஆஸ்பத்திரி ஹெலி!" என்று றஜீனா கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. சுஜீத்தின் நெற்றி மெத்தையில் முட்டியது. பெட்டி மடியிலிருந்து நழுவிக் கட்டிலுக்குக் கீழே போனது. ஒருவரும் எடுக்கவில்லை. றஜீனாவுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவள்தானே இடித்து இடித்து அவனைச் சொல்ல வைத்தாள். இனி அவனால் ஒரு சொல்லும் சொல்ல ஏலாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கையைப் பிடித்து விலக்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது.

"போயிட்டானோ?" என்றார் பெனடிக்ற். குரல் இல்லை, மூச்சு மட்டும்தான்.

"போயிட்டான் அப்பா," என்றான் சுஜீத், முகத்தை மெத்தையிலிருந்து எடுக்காமலே. "இனி வரமாட்டான்."

அப்பா ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்காக றஜீனா பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் வந்து மற்றக் கையில் நாடி பார்த்தாள். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டாள். அனுதாபம் சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

சுஜீத் இன்னும் குனிந்தபடியே இருந்தான். அப்பாவின் விரல்களுக்குப் பக்கத்தில், கொலருக்கு வெளியே அவன் சேட்டின் லேபல் நீட்டிக்கொண்டிருந்தது. றஜீனா அதை மெல்ல உள்ளே மடித்துவிட்டாள்.